வெப்பமண்டலத் தீவு நகரத்தில் நடுத்தர ஹோட்டலில் தங்குவது எப்படி: முன்பதிவு முதல் அறையைக் காலி செய்வது வரை

விமான ஓடுதளமோ படகுத்துறையோ, ஒரு கடைத்தெரு, ஒரு மருத்துவமனை இவையெல்லாம் உள்ள தீவு ஊர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி இது. லிஃப்ட், ஏ.சி., சாவி அட்டை, காலை உணவு ஆகியவை இருந்தும் சொகுசு விடுதி என்று சொல்ல முடியாத புதிய கட்டடத்தையே இங்கே நடுத்தர ஹோட்டல் என்கிறேன். குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் இத்தகைய ஹோட்டல்களில் பலமுறை தங்கியதில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்ய வேண்டியதைச் செய்யத்தான் செய்கிறார்கள், ஆனால் வரிசை மாற்றிச் செய்கிறார்கள். பெட்டியைப் பிரித்து அடுக்கிய பிறகு ஏ.சி. ஒழுகுவதைக் காண்கிறார்கள்; பணம் கட்டிய பிறகு மழைக்காலம் எது என்று கேட்கிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. முதலில் மாதம், பிறகுதான் ஹோட்டல்

தீவில் பருவகாலம் நாட்டைப் பொறுத்து அமைவதில்லை. எந்தக் கடல், எந்தப் பக்கக் கரை என்பதைப் பொறுத்தே அமைகிறது. தாய்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள புக்கெட் தீவுக்கு ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அதே நாட்டின் கிழக்குப் பக்கத்தில் உள்ள கோ சமுய் தீவிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை ஈரமான மாதங்கள். மொரீஷியஸில் புயல் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீள்கிறது. கரீபியன் தீவுகளுக்கு ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம் என்று வகுத்திருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் போகவே கூடாது என்பதில்லை. அறை எளிதில் கிடைக்கும், கூட்டமும் குறைவாக இருக்கும். ஆனால் அப்போது கடல் கொந்தளித்துப் படகுகள் நிற்கக்கூடும் என்பதால், கட்டணத்தைத் திருப்பித் தராத முன்பதிவை அந்த மாதங்களில் தேர்வு செய்யக் கூடாது. மாதத்தை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்கு இதுவே காரணம்: எந்த வகை முன்பதிவு உங்களுக்குப் பொருந்தும் என்பதை மாதம்தான் தீர்மானிக்கிறது.

2. வரைபடத்தில் மூன்று தூரங்களைப் பாருங்கள்

முதலாவது, வந்திறங்கும் இடத்திலிருந்து ஹோட்டலுக்கு உள்ள தூரம். இரண்டாவது, ஹோட்டலிலிருந்து நடந்தே போகக்கூடிய சாப்பாட்டுக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் உள்ள தூரம். மூன்றாவதாகத்தான் கடற்கரை. பெரும்பாலோர் மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் வண்டி தேடுகிறார்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்த்தால் போதாது. தீவுகளில் சாலை மேடும் பள்ளமுமாக இருப்பது வழக்கம். நடைபாதையே இல்லாத இடங்களும் உண்டு. நண்பகல் வெயிலில் 800 மீட்டர் ஏற்றம் என்பது சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் நடக்கக்கூடிய தூரம் அல்ல. வரைபடத்தில் தெருக்காட்சிப் படம் இருந்தால் ஹோட்டல் வாசலிலிருந்து அந்த வழியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சூரியன் மறையும் நேரத்தையும் இதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். சூரியன் மறைந்த அரை மணி நேரத்துக்குள் நன்றாக இருட்டிவிடும். முதல் நாள் பகலிலேயே சென்று சேரும்படி பயணத்தை அமைத்துக்கொண்டால், விளக்கு இல்லாத சாலையில் பெட்டியை இழுத்துக்கொண்டு வழி தேடும் நிலை வராது.

3. விலையைப் படிக்கும் முறை

அறை விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். இவை இரண்டையும் வெறுமனே கூட்டக் கூடாது. பெரும்பாலும் சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மேல்தான் வரி விழும். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 10 விழுக்காடு வரியும் என்றால் கூடுவது 20 அல்ல, 21 விழுக்காடு. தனியாகச் சுற்றுலா வரி வாங்கும் தீவுகளும் உள்ளன. அதை முன்பதிவுத் தளம் வசூலிக்காமல், ஹோட்டல் வரவேற்பு மேசையில் நேரில் கேட்பது வழக்கம்.

அடுத்து, ரத்து செய்வதற்கான கடைசி நேரத்தைப் பாருங்கள். அந்த நேரம் பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி கணக்கிடப்படுகிறது. இரண்டு மூன்று மணி நேர வித்தியாசத்தை மறந்து ஒரு நாள் வாடகையை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

குழந்தைகளின் வயதையும் எண்ணிக்கையையும் மறைக்காமல் பதிவு செய்யுங்கள். ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்ற வரம்பைத் தீவு ஹோட்டல்கள் கண்டிப்புடன் பார்ப்பதுண்டு. விடுமுறை நாளில் வேறு அறையும் காலியாக இல்லையென்றால், மேசை முன் நின்று பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

4. முன்பதிவு முடிந்ததும் ஹோட்டலுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்

முன்பதிவுத் தளத்தில் உள்ள குறிப்புப் பெட்டியை மட்டும் நம்பாமல், ஹோட்டலின் மின்னஞ்சலுக்கோ தொலைபேசி எண்ணுக்கோ நேரடியாக எழுதுங்கள். எழுத்தில் பதில் வந்தால் அதை மேசையில் காட்டலாம். அந்தச் செய்தியில் கீழ்க்கண்டவை இருந்தால் போதும்.

வந்து சேரும் விமானம் அல்லது படகின் நேரம். பொதுவாகப் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். அதற்கு முன் வருவதாக இருந்தால் பெட்டிகளை வைத்துக்கொள்வார்களா, குளித்து உடை மாற்ற இடம் உண்டா என்று கேளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் வருவதாக இருந்தால் அதையும் அவசியம் தெரிவிக்க வேண்டும். சொல்லாவிட்டால் வரமாட்டீர்கள் என்று கருதி அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம்.

அறை அமைந்துள்ள இடம். வெப்பமண்டலத்தில் மேற்குப் பார்த்த அறையின் சுவர் பிற்பகல் வெயிலை முழுவதும் வாங்கிக்கொண்டு இரவு வரை அனலை விடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைக்கும் இதே குறை உண்டு. தரைத்தளத்தில் ஈரமும் கொசுவும் அதிகம். எனவே லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் தள்ளி, நடு மாடியில், மேற்கு அல்லாத பக்கம் வேண்டும் என்று கேட்பது நல்லது. கடல் தெரியும் அறை மேற்கே பார்த்தால் என்ன செய்வது? பகலில் வெளியே சுற்றப் போகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையோடு பிற்பகலில் அறையிலேயே இருக்கப் போகிறவர்கள் காட்சியை விட்டுக்கொடுப்பதே நல்லது.

மின்சாரம். பல தீவுகளில் மின்சாரம் உள்ளூர் டீசல் நிலையத்திலிருந்துதான் வருகிறது. அதனால் மின்தடை புதிதல்ல. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது அறை ஏ.சி.யும் ஓடுமா, அல்லது விளக்கும் மின்விசிறியும் மட்டுமா என்று கேளுங்கள்.

5. பையில் இருக்க வேண்டியவை

எல்லாவற்றையும் பட்டியலிடப் போவதில்லை. தீவில் உடனே கிடைக்காதவற்றையும் மறந்தால் வருந்த வைப்பவற்றையும் மட்டும் சொல்கிறேன்.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளைப் பயண நாட்களுக்கும் அதற்கு மேல் குறைந்தது மூன்று நாட்களுக்கும் எடுத்து, மருத்துவர் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். படகு நின்றுவிட்டால் ஊர் திரும்புவதும் தள்ளிப்போகும், கடைகளுக்குச் சரக்கு வருவதும் தள்ளிப்போகும்.

அந்தத் தீவின் மின்துளைக்குப் பொருந்தும் அடாப்டர் ஒன்றும், பல துளைகள் உள்ள சிறிய எக்ஸ்டென்ஷன் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவு, மொரீஷியஸ், மலேசியா போன்ற இடங்களில் மூன்று தட்டையான முனைகள் கொண்ட பிரிட்டிஷ் வகை புழக்கத்தில் உள்ளது. இந்தோனேசியாவில் இரண்டு உருண்டை முனைகள் கொண்ட வகை. கரீபியனில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோவிலோ முனை மட்டுமன்றி மின்னழுத்தமே வேறு. அங்கே 120 வோல்ட். அதனால் 230 வோல்ட் மட்டும் ஏற்கும் கருவிகளை அங்கே கொண்டுபோவதில் பயனில்லை. கைபேசி சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும்.

துணி உலர்த்த மெல்லிய கயிறும் கிளிப்புகளும், நீர் புகாத ஒரு பை, கொசு விரட்டி, சன்ஸ்கிரீன், சிறிய டார்ச் விளக்கு ஆகியவையும் வேண்டும். சன்ஸ்கிரீன் வாங்கும் முன் அதன் மூலப்பொருள்களைப் படியுங்கள். பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் வேதிப்பொருள்கள் கலந்தவற்றைப் பசிபிக் தீவு நாடான பலாவு 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது; ஹவாய் 2021 ஜனவரி 1 முதல் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்று கலந்தவற்றின் விற்பனைக்குத் தடை விதித்துள்ளது. துத்தநாக ஆக்சைடு கொண்டது பெரும்பாலும் எங்கும் ஏற்கப்படும்.

6. வரவேற்பு மேசையில்

கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ கேட்டால் கொடுங்கள். தங்குபவரின் விவரத்தைப் பதிவு செய்யும் கடமை பல நாடுகளில் ஹோட்டலுக்கு உண்டு. படி எடுத்துக்கொண்டதும் அசலைத் திரும்பப் பெற்று, கண்ணெதிரே பையில் வைத்த பிறகே நகருங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று லிஃப்டில் ஏறியவர்கள் கிளம்பும் நாளில் பதறுவதைப் பார்த்திருக்கிறேன்.

முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் அட்டை கொடுத்தால் அந்தத் தொகை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே முடக்கப்படும். விடுவிக்கப் பல நாட்கள் ஆகலாம். ஆகவே இதற்குக் கிரெடிட் அட்டையே ஏற்றது. அட்டைக் கருவி உங்கள் நாட்டுப் பணமா, உள்ளூர்ப் பணமா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தைத் தேர்வு செய்யுங்கள். உங்கள் நாட்டுப் பணம் வசதியாகத் தோன்றினாலும், அந்த மாற்று விகிதத்தில் கூடுதல் கட்டணம் ஒளிந்திருக்கும்.

மேசையை விட்டு நகரும் முன் காலை உணவு நேரம், வைஃபை கடவுச்சொல், இரவில் உதவிக்கு அழைக்க வேண்டிய எண், ஊருக்குள் போக வண்டி கிடைக்கும் இடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஹோட்டல் பெயரும் முகவரியும் உள்ளூர் மொழியில் அச்சிட்ட அட்டை ஒன்றும் வாங்கி வையுங்கள். திரும்பும்போது ஓட்டுநரிடம் காட்ட உதவும்.

7. பெட்டியைத் திறக்கும் முன் இருபது நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். பெட்டி பூட்டியிருக்கும் வரை வேறு அறை கேட்பது எளிது. ஹோட்டல்காரர்களும் தயங்காமல் மாற்றித் தருவார்கள். துணிகளை அலமாரியில் அடுக்கி, குளியலறையை நனைத்த பிறகு கேட்டால், அதே அறையில் பழுது பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றுதான் பதில் வரும்.

உள்ளே நுழைந்ததும் சாவி அட்டையைச் சுவரில் உள்ள துளையில் செருகி, ஏ.சி.யை 18 பாகையில் ஓடவிடுங்கள். இது சோதனைக்காக மட்டும். பெட்டிகளைக் கட்டில் மீதோ தரைவிரிப்பின் மீதோ வைக்காமல், குளியலறையின் உலர்ந்த டைல்ஸ் தரையில் வையுங்கள். ஏனென்றால் அடுத்த வேலை மெத்தையைப் பார்ப்பது.

விரிப்பைத் தலைமாட்டு மூலையில் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தை டார்ச் ஒளியில் பாருங்கள். பேனா மையால் புள்ளி வைத்தாற்போல் கருப்புப் பொட்டுகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சியின் அடையாளம். அப்படி இருந்தால் பேச்சை வளர்க்காமல் வேறு அறை கேளுங்கள். அடுத்த அறையோ நேர் கீழ் அறையோ வேண்டாம், தள்ளி உள்ள அறை வேண்டும் என்று சொல்லுங்கள்.

பிறகு திரைச்சீலைக்குப் பின்னாலும் அலமாரியின் அடித்தட்டிலும் முகர்ந்து பாருங்கள். பூசணம் அங்கேதான் தொடங்கும். நறுமண ஸ்ப்ரே அடித்து மறைத்த அறையிலும் அலமாரிக் கதவைத் திறந்தால் உண்மை வெளிவந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர் உடன் இருந்தால் இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

அடுத்து, பெட்டிகளைக் குளியலறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, அங்குள்ள குழாயையும் ஷவரையும் முழுவதும் திறந்து ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, நீங்கள் வெளியே வந்து நில்லுங்கள். சில நாட்கள் ஆளில்லாமல் கிடந்த அறையின் குழாய்க்குள் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரக்கூடும். 20 முதல் 45 பாகை வரையான வெப்பம் அதற்கு ஏற்றது. தெறிக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பதால்தான் அது நுரையீரலைப் பாதிக்கிறது. நீர் ஓடும்போதே வெந்நீர் வருகிறதா, கீழே தேங்காமல் வடிகிறதா என்பதும் தெரிந்துவிடும். வெந்நீர் வராவிட்டால் ஹீட்டருக்கான தனிச் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே கீழே அழையுங்கள்.

குளியலறையில் சாக்கடை வாடை வந்தால் உடனே அறையை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. தரை வடிகாலுக்கு அடியில் உள்ள வளைவுக் குழாயில் நீர் நிற்பதால்தான் வாடை மேலே வராமல் தடுக்கப்படுகிறது. ஆள் தங்காத அறையில் அந்த நீர் ஆவியாகிவிடும். இரண்டு குவளை நீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். பல நேரம் அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் கோளாறு குழாயில்தான்.

இதற்குள் ஏ.சி. கால் மணி நேரம் ஓடியிருக்கும். காற்றுக்கு நேராகக் கையை நீட்டிக் குளிர்ச்சியைப் பாருங்கள். கருவியின் அடிப்பகுதியிலும் அதன் கீழே உள்ள சுவரிலும் விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வடிகுழாய் அடைத்திருந்தால் நீர் அறைக்குள்தான் சொட்டும். இரவு 2 மணிக்குத் தலையணை நனைந்து எழுவதைவிட இப்போதே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

கடைசியாகக் கதவின் உள்தாழ்ப்பாள், பால்கனிக் கதவின் பூட்டு, பாதுகாப்புப் பெட்டி. பாதுகாப்புப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தபடியே எண்ணை அமைத்து, ஒருமுறை பூட்டித் திறந்து பார்த்த பிறகே கடவுச்சீட்டை உள்ளே வையுங்கள். எண் சரியாகப் பதியாமல் பூட்டிக்கொண்டால் ஊழியர் வந்து திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

8. ஏ.சி.யையும் ஈரத்தையும் கையாளுதல்

வெளியே 31 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது, அந்தக் காற்று சுமார் 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராக மாறத் தொடங்கும். தீவு அறையில் ஏற்படும் பாதிச் சிக்கல்களுக்கு இந்த ஒரு கணக்குதான் காரணம். இரவெல்லாம் 18 பாகையில் ஏ.சி.யை ஓடவிட்டுக் காலையில் பால்கனிக் கதவை அகலத் திறந்தால், ஐந்து நிமிடத்துக்குள் அலமாரிக் கண்ணாடி பனி படர்ந்து வெளுக்கும், டைல்ஸ் தரை பிசுபிசுத்துக் கால் வழுக்கும், விரிப்பு நசநசவென்று ஆகும். அறையில் ஏதோ கசிகிறது என்று அப்போது மேசையை அழைப்பவர்கள் பலர். கசிவு எதுவும் இல்லை. வெளிக்காற்றின் ஈரம்தான் குளிர்ந்த பரப்புகளில் படிந்திருக்கிறது.

ஆகவே 25 அல்லது 26 பாகையில் வைத்து, மின்விசிறி இருந்தால் அதையும் ஓடவிடுங்கள். காற்று அசைவதால் உடலுக்குக் குளிர்ச்சி குறையாது. பரப்புகளும் அளவுக்கு மீறிக் குளிராது. 16 வைத்தால் அறை விரைவில் குளிரும் என்ற எண்ணமும் சரியல்ல. ரிமோட்டில் நாம் கொடுப்பது கருவி எட்ட வேண்டிய வெப்பநிலை. சூடான அறையில் அது எப்படியும் முழு வேகத்தில்தான் தொடங்கும்.

ரிமோட்டில் நீர்த்துளிப் படம் உள்ள பொத்தான் ஈரத்தை மட்டும் உறிஞ்சும் நிலைக்கானது. மழை நாட்களில் அதுவே போதும். குளித்து முடித்ததும் குளியலறைக் கதவை மூடி, அங்குள்ள வெளியேற்று விசிறியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். திறந்து வைத்தால் அந்த ஈரம் முழுவதும் படுக்கைக்கு வரும்.

குளிர்ந்த அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தாலும் இதே கணக்கு வேலை செய்யும்; லென்ஸ் முழுவதும் பனி மூடும். மூடிய பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்து, வெதுவெதுப்பான பிறகு பையைத் திறக்க வேண்டும். பனி மூடிய லென்ஸைத் துணியால் துடைத்துத் துடைத்துக் கீறியவர்கள் உண்டு.

சாவி அட்டையை எடுத்தால் ஏ.சி.யோடு மின்துளைகளும் ஃப்ரிட்ஜும் நின்றுவிடும் அறைகள் இருக்கின்றன. இன்சுலின் போன்ற மருந்து வைத்திருப்பவர்கள் இதை முதல் நாளே சோதித்தாக வேண்டும்: அட்டையை எடுத்துவிட்டு ஃப்ரிட்ஜ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வரை வேண்டும். அறையில் உள்ள சிறு ஃப்ரிட்ஜ்கள் பல அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. சில, பின்சுவரை ஒட்டி வைத்ததை உறைய வைத்துக் கெடுத்துவிடும். சிறிய வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்ப்பதே வழி. சரிவராவிட்டால் சமையலறைக் குளிர்பெட்டியில் பெயர் எழுதி வைத்துத் தரும்படி மேசையில் கேளுங்கள். இதைக் கேட்கச் சிறிதும் கூச்சப்பட வேண்டாம்.

9. ஈரத் துணி

கடலில் நனைந்த துணியைப் பிழிந்து பால்கனியில் போட்டால் மறுநாளும் காயாது. இதற்குக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். தீவின் இரவுக் காற்று பெரும்பாலும் அந்த அளவுக்கு மேல்தான் இருக்கும். ஆகவே முதலில் நல்ல நீரில் இருமுறை அலசி, உலர்ந்த துவாலையில் சுருட்டி அழுத்திப் பிழிந்து, அறைக்குள் ஏ.சி. காற்று படும் இடத்தில் கயிற்றில் விரித்துப் போடுங்கள். நீர்த்துளி நிலையில் ஓடவிட்டால் மெல்லிய துணி காலைக்குள் காய்ந்துவிடும். பால்கனிக் கம்பியில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். கடற்காற்று அதைப் பக்கத்துக் கூரையில் சேர்த்துவிடும்.

மணலை அறைக்குள் கொண்டுவராமல் வாசலில் உள்ள குழாயிலேயே காலைக் கழுவிவிடுங்கள். குளியலறை வடிகாலில் மணல் இறங்கினால் இரண்டாம் நாளே நீர் தேங்கும்.

10. குடிநீர், கொசு, வெயில்

குழாய் நீரைக் குடிக்கலாமா என்பதை மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில தீவுகளில் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும். கெட்டிலில் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமிகள் சாகும், உப்பு போகாது. உவர்த்தால் குடிநீர் தனியாக வாங்குவதுதான் வழி.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்பும் அதிகம். இரவுக்கு மட்டும் கொசு விரட்டி போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். முதலில் சன்ஸ்கிரீன், அது தோலில் படிந்த பிறகு கொசு விரட்டி என்பதே வரிசை. மாற்றிப் பூசினால் விரட்டியின் வேலை கெடும். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த விரட்டி பிளாஸ்டிக்கை இளக்கும் தன்மை உடையது. மூக்குக் கண்ணாடியிலும் கைக்கடிகாரத்திலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரிலிருந்து ஏறியதும் மீண்டும் பூச வேண்டும்.

11. முதல் மாலையில் அவசர வழியைப் பாருங்கள்

கதவுக்குப் பின்னால் உள்ள வரைபடத்தைப் பார்த்து, அவசரப் படிக்கட்டு வரை ஒருமுறை நடந்து, இடையில் எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையிலும் இருட்டிலும் கதவுகளைத் தொட்டு எண்ணித்தான் நகர முடியும்.

2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலில் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு பல கடலோர ஊர்களில் மேட்டு நிலத்துக்கான வழிகாட்டிப் பலகைகள் வைக்கப்பட்டுள்ளன. நிலநடுக்க வாய்ப்புள்ள தீவானால், உங்கள் ஹோட்டலுக்கு அருகில் மேடு எங்கே என்று கேட்டு வையுங்கள். நிலம் பலமாகவோ நீண்ட நேரமோ அதிர்ந்தாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், எச்சரிக்கைச் சங்குக்காகக் காத்திராமல் உடனே மேட்டுக்குப் போக வேண்டும். மேட்டை எட்ட முடியாதபோதுதான் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடி. முதல் அலையே பெரியது என்றும் இல்லை; அலைகள் பல மணி நேரம் தொடர்ந்து வரக்கூடும். அதனால் அதிகாரிகள் சொல்லும் வரை இறங்கக் கூடாது.

புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் எல்லாக் கருவிகளையும் சார்ஜ் செய்யுங்கள். அடுத்து வாளியில் நீர் பிடித்து வையுங்கள். மின்சாரம் போனால் மேல் மாடிகளுக்கு நீர் ஏற்றும் மோட்டாரும் நின்றுவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

12. கிளம்பும் நாள்

சிறு தீவிலிருந்து பெரிய ஊருக்குப் படகில் வந்து அங்கிருந்து வெளிநாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால், இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். கடைசி இரவை விமான நிலையம் உள்ள ஊரில் கழியுங்கள். கடல் கொந்தளிப்பால் படகு நின்றால், தனித்தனியாக எடுத்த பயணச்சீட்டுக்கு விமான நிறுவனம் பொறுப்பேற்காது.

கணக்கை முந்தின நாள் மாலையிலேயே கேட்டுப் பாருங்கள். காலையில் மேசை முன் கூட்டம் இருக்கும்; எடுக்காத குளிர்பானத்துக்கோ இருமுறை ஏறிய வண்டிக் கட்டணத்துக்கோ அப்போது நின்று பேச நேரம் இருக்காது. வண்டியையும் அன்றே சொல்லி வையுங்கள். அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் 11 அல்லது 12 மணி. விமானம் மாலையில் என்றால் பெட்டியை வைத்துவிட்டுப் போக அனுமதியும், கிளம்பும் முன் குளிக்க இடமும் கேளுங்கள். முன்பணத்தை விடுவித்ததற்கான சீட்டையோ மின்னஞ்சலையோ வாங்கிய பிறகு வாசலைத் தாண்டுங்கள்.

ஈரத் துணிகளைத் தனிப் பையில் கட்டி, பெட்டியின் மேற்பகுதியில் வையுங்கள். பெட்டிகளை வெளியே நடைவழிக்குக் கொண்டுபோன பிறகு மீண்டும் உள்ளே வந்து பாதுகாப்புப் பெட்டி, ஃப்ரிட்ஜ், குளியலறைக் கதவின் பின்புறக் கொக்கி, துணி உலர்த்திய கயிறு, கட்டிலுக்குப் பின்னால் உள்ள மின்துளை என்ற வரிசையில் பாருங்கள். சார்ஜர்களும் அடாப்டர்களும் மறந்து கிடப்பது அந்தக் கடைசி இடத்தில்தான். சுவரில் உள்ள சாவி அட்டையை எல்லாவற்றுக்கும் கடைசியாக எடுக்க வேண்டும். அதை எடுத்ததும் அறை இருண்டுவிடும், தேட முடியாது.